ஷவரா, வாளியா? குளியல் தண்ணீரின் கணக்கு

“ஷவர்ல குளிச்சா தண்ணி வீண். வாளியில மொண்டு ஊத்திக்கிட்டா மிச்சம்.” எங்கள் வீட்டில் அம்மா இதைச் சொல்லாத வாரம் இல்லை. “இப்ப வர்ற ஷவரெல்லாம் தண்ணியை மிச்சம் பிடிக்கும்மா” என்று நானும் விடாமல் பதில் சொல்வேன். பல வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் அம்மா கேட்டார்: “சரி, உன் குளியலுக்கு எத்தனை லிட்டர் ஆகுது? சொல்லு பார்ப்போம்.”

எனக்குத் தெரியவில்லை. திருப்பிக் கேட்டேன், அம்மாவுக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் இரண்டு பேரும் அளக்காத ஒன்றை வைத்து வாதாடியிருக்கிறோம். தண்ணீர்ச் சிக்கனம் என்ற பேச்சு வரும் இடத்திலெல்லாம் இதே கதைதான். எந்தக் கருவி நல்லது, எது கெட்டது என்று பேசுவோம். லிட்டரைப் பற்றிப் பேச்சே வராது.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். அறிவியல் பின்னணி எதுவும் தேவையில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

## வண்டி ஓடிய தூரம்

ஒரு வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கண்டுபிடிக்க அதன் நிறமோ பெயரோ வேண்டாம். என்ன வேகத்தில் போனது, எவ்வளவு நேரம் ஓடியது என்ற இரண்டும் தெரிந்தால் தூரம் வந்துவிடும். குளியல் தண்ணீரும் அப்படித்தான். தண்ணீர் வருகிற வேகத்தை அது திறந்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் செலவான லிட்டர் கிடைக்கும்.

இந்த வேகத்துக்கு ஓட்ட வீதம் என்று பெயர். ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வெளியே வருகிறது என்பதே ஓட்ட வீதம். நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் ஷவரின் கீழ் 6 நிமிடம் நின்றால் 60 லிட்டர். அதே ஷவரில் 3 நிமிடம் என்றால் 30 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் ஷவரில் 3 நிமிடம் குளித்தால் வெறும் 18 லிட்டர். நடுத்தர வாளி ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

வண்டியில் வேகம் காட்டும் முள் கண்ணுக்கு நேரே இருக்கிறது. ஷவரில் அது இல்லை. வந்த தண்ணீர் காலடியிலேயே வடிந்து, சல்லடை வழியாக மறைந்துவிடுகிறது. 20 லிட்டர் போனாலும் 100 லிட்டர் போனாலும் குளித்து முடித்தபின் தரை ஒரே மாதிரித்தான் ஈரமாக இருக்கும். வாளிக்கு நல்ல பெயர் வந்ததற்குக் காரணம் அதன் அமைப்பு அல்ல. வாளி தன் அளவைத் தானே காட்டிவிடுகிறது: பாதி காலியானால் பாதி காலி என்று தெரிகிறது, தீர்ந்தால் தீர்ந்தது.

ஆக, செலவை முடிவு செய்பவை இரண்டு: ஓட்ட வீதம், நேரம். இனி வரும் அழுத்தம், ஷவர் தலை, வெந்நீர் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைத்தான் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

## ஒரு வாளி, ஒரு கைப்பேசி

அளப்பது மிக எளிது. கொள்ளளவு தெரிந்த ஒரு வாளி வேண்டும். தெரியாவிட்டால் ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகக் குளிக்கும்போது எவ்வளவு திறப்பீர்களோ அதே அளவு ஷவரைத் திறந்து, தண்ணீர் முழுவதும் வாளிக்குள் விழும்படி பிடியுங்கள். கோட்டைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் 10 லிட்டர் வாளிக்கான ஓட்ட வீதம் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் 50 விநாடியில் கோடு வரை நிரம்பியது. அப்படியானால் நிமிடத்துக்கு 12 லிட்டர். நான் 7 அல்லது 8 இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்தது நேரம். இதில் நம் ஊகத்தை நம்பவே கூடாது. “அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர் எப்போது வெளியே வருகிறார் என்று வீட்டில் மற்றவர்களைக் கேட்டால் தெரியும். நான் கைப்பேசியைக் குளியலறைக்கு வெளியே வைத்து நாலு நாள் அளந்தேன். தண்ணீர் திறந்திருந்த நேரம் சராசரியாக 9 நிமிடம். பன்னிரண்டை ஒன்பதால் பெருக்கினால் 108 லிட்டர்.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? அமெரிக்க வீடுகளில் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சராசரி ஷவர் குளியல் சுமார் 8 நிமிடமும் சுமார் 60 லிட்டரும் எடுத்தது. வீட்டுக்குள் செலவாகும் தண்ணீரில் கழிப்பறைக்கு அடுத்த இடம் ஷவருக்கு; ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கடும் வறட்சி வந்தபோது, 2018 பிப்ரவரி 1 முதல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு விதித்தார்கள். குடிக்க, சமைக்க, துவைக்க, கழிப்பறைக்கு என எல்லாவற்றுக்கும் சேர்த்து 50. என் ஒரு குளியல் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அம்மாவின் வாளியையும் அளந்தோம். வாளி 20 லிட்டர். அதோடு முடியும் என்றுதான் இருவரும் நினைத்தோம். ஆனால் அம்மா குழாயைப் பாதி திறந்துவிட்டு, வாளி நிரம்ப நிரம்ப மொண்டு ஊற்றிக்கொள்வார். அந்தக் குழாயின் ஓட்ட வீதம் நிமிடத்துக்கு 4 லிட்டர். ஏழு நிமிடம் திறந்திருந்ததில் 28 லிட்டர். முதலில் நிறைத்து வைத்த 20-ஐயும் சேர்த்தால் 48. கடைசியில் வாளியில் மிச்சம் இருந்ததும் தரையில்தான் ஊற்றப்பட்டது. குழாயை மூடி வைத்தால்தான் வாளி அளவுகோல். குழாய் திறந்திருந்தால் வாளியும் அடியில் ஓட்டை உள்ள பாத்திரம் மாதிரிதான்.

## வேகமாகக் குத்தினால் நிறையச் செலவா?

இங்கேதான் குழப்பம் அதிகம். தண்ணீர் மேலே விழும்போது சுரீரென்று குத்தினால் நிறையச் செலவாகிறது என்றும், மெதுவாகத் தூவினால் குறைவு என்றும் நினைக்கிறோம். இரண்டுமே தவறாக இருக்கலாம்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். முனையைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு தூரத்துச் செடிக்கும் போகிறது. பார்ப்பவருக்குத் தண்ணீர் கூடிவிட்டது போல் இருக்கும். அப்படியே ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள்; முன்னைவிட மெதுவாகத்தான் நிரம்பும். வழி குறுகியதால் ஒவ்வொரு துளியும் வேகமாகப் பாய்கிறது, ஆனால் மொத்தமாக வெளியே வருவது குறைகிறது.

ஷவர் தலையில் நடப்பதும் இதுவே. சின்னச் சின்னத் துளைகள் கொஞ்சமாக உள்ள தலை, நிமிடத்துக்கு 6 லிட்டரிலேயே நன்றாகக் குத்தும். தட்டுப்போல் அகன்று, மழைபோல் மெதுவாக விழும் தலையில் துளைகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் மெதுவாக விழுந்தாலும் கூட்டிப் பார்த்தால் இரண்டு மடங்கு போயிருக்கும். தோலுக்குத் தெரிவது துளியின் வேகம் மட்டுமே. லிட்டரை வாளியால்தான் அறிய முடியும்.

## மேல்மாடியும் கீழ்த்தளமும்

சரி, தண்ணீரைத் தள்ளுவது எது? அதுதான் அழுத்தம்: குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வருவதற்காக முட்டுகிற முட்டு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம். தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு மேலே எத்தனை மீட்டர் இருக்கிறதோ அந்த அளவுக்கு முட்டு. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் என்பது கணக்கு. பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு, அவ்வளவுதான்.

தொட்டிக்குக் கீழே 3 மீட்டரில் மேல்மாடி ஷவரும், 12 மீட்டரில் கீழ்த்தள ஷவரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே தலை, இரண்டும் முழுக்கத் திறந்திருக்கின்றன. கீழ்த்தளத்தில் அழுத்தம் 4 மடங்கு. தண்ணீரும் 4 மடங்கு வருமா என்றால், வராது. அழுத்தம் 4 மடங்கானால் ஓட்டம் 2 மடங்காகும். 9 மடங்கானால் 3 மடங்காகும். மேல்மாடியில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் கீழே 12. குழாயின் உராய்வு இதைச் சற்றுக் குறைக்கும், அந்த நுணுக்கத்தை இங்கே விட்டுவிடலாம்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. “எங்க வீட்டு ஷவர் கம்மியாத்தான் வரும், அதே கம்பெனிதான் நீங்களும் வாங்குங்க” என்று ஒருவர் சொல்வது அவர் வீட்டுக்குத்தான் பொருந்தும். மோட்டார் பம்பு வைத்து அழுத்தம் கூட்டிய வீட்டில் அதே தலை இரண்டு மடங்கு கொட்டலாம். பெட்டியின் மேல் அச்சடித்த ஓட்ட வீதமும் ஏதோ ஓர் அழுத்தத்தில் அளந்ததுதான். அமெரிக்காவில் 1994 முதல் நடப்பில் இருக்கும் விதி, ஷவர் தலை நிமிடத்துக்கு 2.5 காலனுக்கு மேல், அதாவது சுமார் 9.5 லிட்டருக்கு மேல், விடக் கூடாது என்கிறது. அதை அளக்க அவர்கள் வைத்த அழுத்தம் ஏறத்தாழ 5.5 பார். தொட்டித் தண்ணீர் அந்த அழுத்தத்தில் வர வேண்டுமானால் தொட்டி 55 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்! கலிஃபோர்னியா மாநிலம் 2018-இல் இந்த வரம்பை 1.8 காலனுக்கு, சுமார் 6.8 லிட்டருக்கு, இறக்கியது.

ஆகவே, குத்துகிற வேகம் வேறு, லிட்டர் வேறு. லிட்டரை முடிவு செய்வது அழுத்தமும் துளைகளின் மொத்தப் பரப்பும் சேர்ந்து.

## சிக்கன ஷவருக்குள் என்ன இருக்கிறது?

சிக்கனத் தலைகளில் பெரும்பாலும் இரண்டு உத்திகளில் ஒன்று இருக்கும்.

முதலாவது ஓட்டக் கட்டுப்படுத்தி. காசு அளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் வட்டு. நடுவில் ஒரு ரப்பர் வளையம். அழுத்தம் குறைவாக இருக்கும்போது வளையம் தளர்ந்து வழிவிடும். அழுத்தம் ஏறினால் அமுங்கிப் பரந்து வழியைக் குறுக்கும். தள்ளுகிறவன் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறானோ அவ்வளவு கதவை ஒடுக்கிப் பிடிக்கும் காவலாளி மாதிரி. இதனால் அழுத்தம் ஏறினாலும் ஓட்டம் அவ்வளவாகக் கூடாது. முழுத் தலையையும் மாற்ற வேண்டியதில்லை. தலைக்கும் குழாய்க்கும் நடுவே இந்த வட்டை மட்டும் பொருத்தலாம்.

இரண்டாவது காற்று கலக்கும் தலை. குறுகிய இடத்தில் தண்ணீர் வேகமெடுக்கும்போது அங்கே அதன் அழுத்தம் குறையும். பக்கத்தில் ஒரு சின்னத் துளை வைத்தால் வெளிக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். காற்று கலந்த துளிகள் பருத்துத் தெரியும், தண்ணீர் நிறைய விழுவதுபோல் உடம்புக்கு இருக்கும்.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து மிகச் சின்ன ஓட்டத்துக்கு இறங்கிவிடாதீர்கள். சாரல்போல் மெல்லத் தூவும் தலையில் துளிகள் மிகச் சிறியவை, உடம்பைத் தொடும் முன்னரே காற்றில் ஆறிவிடும். குளிர்கிறதே என்று வெந்நீரைக் கூட்டுவோம். ஷாம்பூ நுரை போகவில்லையே என்று இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்போம். வேகத்தில் மிச்சம் பிடித்தது நேரத்தில் போய்விடும். என் அனுபவத்தில் தொல்லையில்லாத இடம் நிமிடத்துக்கு 7, 8 லிட்டர். நீளமான, அடர்த்தியான முடி உள்ளவர்களுக்கும் அது போதுமானதாக இருக்கிறது. உடனடி வெந்நீர்க் கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: குறைந்தபட்ச ஓட்டம் இல்லாவிட்டால் சில கருவிகள் சூடாக்கவே தொடங்காது. அந்த அளவு கருவியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

புதுத் தலை வாங்கும் முன் இருக்கிற தலையைக் கழற்றிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் துளையெல்லாம் வெள்ளையாகச் சுண்ணம் படிந்து அடைத்திருக்கும். சில துளைகள் மூடி, சில துளைகள் கோணலாகப் பீய்ச்சும். பாதித் தண்ணீர் சுவரில் அடிக்கும், நாம் அதைத் தேடி நகர்ந்து நகர்ந்து நிற்போம். ஓட்ட வீதம் குறைந்தாலும் நேரம் கூடும். ஒரு கிண்ணம் வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்தால் சுண்ணம் கரைந்து வந்துவிடும். எங்கள் தலையில் 60 துளை. அதில் 17 அடைத்திருந்தது.

## ஒன்பது நிமிடம் எங்கே போனது?

ஓட்ட வீதம் ஒருமுறை திருத்தினால் முடிந்தது. நேரம் தினமும் நம் கையில் இருக்கிறது. என் 9 நிமிடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். வெந்நீர் வரட்டும் என்று திறந்துவிட்டது 1 நிமிடம். உடம்பு நனைத்தது 1 நிமிடம். சோப்பும் ஷாம்பூவும் போட்டது 3 நிமிடம். அலசியது 2 நிமிடம். மீதி 2 நிமிடம் ஒன்றுமே செய்யவில்லை, சூடான தண்ணீர் தோளில் விழ நின்றிருந்தேன்.

இதில் சோப்பு போடும் 3 நிமிடம்தான் வேடிக்கையானது. அப்போது நாமே தண்ணீரை விட்டு விலகி நிற்கிறோம், சோப்பு கரைந்து போய்விடக் கூடாது என்று. யார் மேலும் படாமல் 36 லிட்டர் சல்லடைக்குப் போகிறது. கப்பல்களில் நன்னீர் அரிது என்பதால் மாலுமிகள் பழகிய முறை எளிதானது: நனை, மூடு, தேய், திற, அலசு. அந்த மூடுதல் ஒன்றே என் 108 லிட்டரை 72 ஆக்கிவிடும். வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாயாக இருந்தால் மறுபடி திறந்ததும் முதலில் கையை நீட்டிச் சூடு பாருங்கள். மூடியிருந்த நேரத்தில் சூடு மாறியிருக்கும்.

அந்த 2 நிமிட நிற்றலைப் பற்றி எனக்கு வேறு கருத்து. நாளெல்லாம் உழைத்து வந்தவருக்கு அது ஓய்வு. அதைக் குற்றமாக்கினால் சிக்கனம் என்ற சொல்லே கசந்துவிடும். ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், தெரிந்தே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் போகும் தண்ணீரை முதலில் நிறுத்துவோம்.

தெரிந்தால் குறையுமா? குறையும். சுவிட்சர்லாந்தில் சுமார் 700 வீடுகளில் இரண்டு மாதம் ஒரு சோதனை நடந்தது. ஷவர் குழாயில் சின்னத் திரை ஒன்றைப் பொருத்தினார்கள். குளித்துக்கொண்டிருக்கும்போதே எத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று அது காட்டும். யாரும் உபதேசம் செய்யவில்லை, வேறு கட்டாயமும் இல்லை. எண் கண்ணுக்குத் தெரிந்ததுமே குளியல் தண்ணீரைச் சூடாக்கச் செலவாகும் ஆற்றல் 22 விழுக்காடு குறைந்தது. பின்னர் அந்த நாட்டு ஓட்டல்கள் சிலவற்றிலும் இதையே செய்தார்கள். ஓட்டலில் தங்குகிறவருக்குத் தண்ணீர்க் கட்டணமும் இல்லை, மின்கட்டணமும் இல்லை. அங்கேயும் 11 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. காசுக்காக மட்டும் மனிதர்கள் மிச்சம் பிடிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

அந்தத் திரை இல்லாவிட்டால் பரவாயில்லை. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தில் 2007-இல் பெரும் வறட்சி நிலவியபோது, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்து, 4 நிமிட மணற்கடிகாரங்களை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு கைப்பேசி மணியும் அதே வேலையைச் செய்யும். ஓரிரண்டு பாட்டு முடிவதற்குள் வெளியே வருவது என்று வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு.

ஓட்ட வீதத்தை 12-லிருந்து 8-க்கு இறக்கினால் 108 லிட்டர் 72 ஆகும். வேகத்தைத் தொடாமல் சோப்பு போடும்போது மூடினாலும் 72. இரண்டையும் செய்தால் 48.

## வெந்நீருக்குக் காத்திருக்கும் நேரம்

வெந்நீர்க் கருவியிலிருந்து ஷவர் வரை உள்ள குழாயில் நேற்றைய தண்ணீர் ஆறிப்போய் நிற்கிறது. அது வெளியே போனால்தான் வெந்நீர் வரும். எவ்வளவு அது? உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு 0.18 லிட்டர் நிற்கும். பத்து மீட்டர் தூரத்துக்கு 1.8 லிட்டர். குழாய்ச் சுவரும் சூடாக வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிமிடத்துக்கு 12 லிட்டர் வரும் ஷவரில் 1.8 லிட்டர் போக 9 விநாடிதான். தாராளமாக வைத்தாலும் 20 விநாடியில் வெந்நீர் வந்துவிடும். ஆனால் நான் ஒரு நிமிடம் விட்டிருந்தேன். திறந்துவிட்டுத் துண்டு எடுக்கப் போவது, கண்ணாடி பார்ப்பது என்று நேரம் போகிறது. மீதி 40 விநாடியும் வெளியே போனது பச்சைத் தண்ணீர் அல்ல, மின்சாரம் செலவழித்துச் சூடாக்கிய வெந்நீர். துண்டையும் மாற்று உடையையும் எடுத்து வைத்துக்கொண்டு, கை நீட்டியபடி திறந்தாலே இது தீர்ந்தது. முதலில் வரும் அந்த ஆறிய தண்ணீரை வாளியில் பிடித்தால் அது சுத்தமான குழாய்த் தண்ணீர்தான். துடைக்க, செடிக்கு ஊற்ற, எதற்கும் ஆகும்.

வெந்நீரின் ஆற்றல் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். ஜூல் என்பது ஆற்றலின் அலகு; 3,600 கிலோஜூல் சேர்ந்தால் மின்மீட்டரில் ஒரு யூனிட். 60 லிட்டரை 20 டிகிரி சூடாக்க 5,040 கிலோஜூல், அதாவது 1.4 யூனிட். 10 வாட் எல்இடி விளக்கு ஒன்றை அதில் 140 மணி நேரம் எரிக்கலாம், கிட்டத்தட்ட ஆறு நாள் இடைவிடாமல். அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைக்கச் சொல்லிக் குழந்தைகளைத் துரத்தும் வீடுகளில் ஷவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

## “தண்ணீர் எங்கே போயிடப் போகுது?”

இந்த வாதத்தை நன்றாகப் படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். வடிந்த தண்ணீர் மண்ணுக்கோ ஆற்றுக்கோ கடலுக்கோ போகும், ஆவியாகும், மழையாக வரும். பிறகு எப்படி வீணாகும் என்பார்கள்.

உலகத்தில் உள்ள தண்ணீர் குறையாது என்பது உண்மை. ஆனால் நமக்கு வேண்டியது உலகத்துத் தண்ணீர் அல்ல. இந்த ஊரில், இன்றைக்கு, சுத்தமாக, குழாயில் வரும் தண்ணீர். ஆற்றிலோ நிலத்தடியிலோ எடுத்து, வடிகட்டி, கிருமி நீக்கி, மேலேற்றி நம் குளியலறைக்குக் கொண்டுவர உழைப்பும் மின்சாரமும் ஆகியிருக்கின்றன. நிலத்தடி நீர் ஊறும் வேகத்தைவிட எடுக்கும் வேகம் கூடினால் கிணறு வற்றும். கடலில் எவ்வளவு இருந்தாலும் அந்தக் கிணற்றுக்கு உதவாது. வடிந்த தண்ணீரையும் சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும்.

குளித்த தண்ணீரை மறுபடி பயன்படுத்தலாம். கழிப்பறைக் கழிவு கலக்காத, குளியலிலும் துவையலிலும் வடியும் தண்ணீரைச் சாம்பல் நீர் என்பார்கள். கழிப்பறைக்கு ஊற்றவும், மரங்களின் வேர்ப்பக்கம் விடவும் அது ஆகும். பச்சையாகத் தின்னும் கீரை, காய்கள் மேல் ஊற்ற வேண்டாம். சேர்த்தும் வைக்காதீர்கள்; ஒரு நாள் தாண்டினாலே நாற்றம் எடுத்துக் கிருமி பெருகத் தொடங்கும்.

கடைசியாக ஒரு சின்னக் கசிவு. மூடிய பிறகும் விநாடிக்கு ஒரு சொட்டு விழும் ஷவர் பல வீடுகளில் உண்டு. நாலு சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர் என்று வைத்தால், ஒரு நாளின் 86,400 விநாடியில் 21.6 லிட்டர். யாருமே குளிக்காத ஒரு முழு வாளிக் குளியல். குழாய்க்குள் இருக்கும் வாஷரை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

## எவ்வளவு இருந்தால் போதும்?

உடம்பு சுத்தமாக உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்கு ஒரு வியப்பான அளவு இருக்கிறது. 1973-இல் விண்ணில் சுற்றிய ஸ்கைலாப் ஆய்வுக்கூடத்தில் ஷவர் இருந்தது. ஒரு குளியலுக்கு அங்கிருந்த விண்வெளி வீரர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3 லிட்டர். பூமியில் நாம் அப்படிக் குளிக்க வேண்டியதில்லை. 3 லிட்டருக்கும் 108 லிட்டருக்கும் நடுவே அவரவருக்கு ஏற்ற இடம் நிறைய இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். நோயாளிகள், வயதானவர்கள், கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம். ஈரத் தரையில் வேகமாகக் குளித்து ஒருவர் வழுக்கி விழுந்தால், மிச்சமான இருபது லிட்டர் எதற்கு ஆகும்?

எங்கள் வீட்டில் ஷவருக்கு 8 லிட்டர் வட்டு போட்டாயிற்று. காத்திருப்பு 20 விநாடி, நனைக்க 1 நிமிடம், அலச 2 நிமிடம், சும்மா நிற்க 1 நிமிடம். மொத்தம் 35 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா குழாயை மூடிவிட்டு ஒரே வாளியில் முடிக்கிறார், 20 லிட்டர். தலைக்குக் குளிக்கிற நாளில் மட்டும் அரை வாளி கூடுதலாகப் பிடிக்கிறார்.